கேட்டுவிட்டு வண்டி எடுத்தவர்

ஷாஜியின் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தால், பேசுகிறவர் பெரும்பாலும் ஷாஜியாக இருக்கமாட்டார். என் அத்தானாக இருப்பார்கள். ஷாஜி ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அத்தானுடைய கைபேசியில் சார்ஜ் நின்றதாகச் சரித்திரமே இல்லை. அதனால் ஷாஜியின் கைபேசியை வாங்கி, "மாப்ளே, ஒரு துட்டி. ஊருக்குப் போயிட்டு வாரேன். வர ராவாவும்னு அக்காட்ட சொல்லிரு" என்பார்கள். துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு. நான் மறுபேச்சு பேசுவதற்குள் வைத்துவிடுவார்கள்.

அன்று காலை கடை வாசலில் லாரியிலிருந்து புளி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஷாஜியின் எண் வந்தது. எடுத்த எடுப்பில், "யாருக்குத் துட்டி அத்தான்?" என்று கேட்டேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணா, ஞான் ஷாஜியாணு" என்றான். யாருக்குத் துட்டி என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் அத்தான் குளித்து, திருநீறு பூசி, நாற்காலியில் உட்கார்ந்து அக்காவிடம் சாயா கேட்டிருக்கிறார்கள். அக்கா கொண்டுவருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். பாரமாக இருந்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

பதினாறாம் நாளன்று அச்சடித்துக் கொடுக்க, அத்தானைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று திருவனந்தபுரத்தில் உள்ள நம் பக்கத்து ஆட்களின் சங்கத்தார் கேட்டார்கள். சரக்கு வந்தது, சரக்கு போனது என்று எழுதிப் பழகிய கை இது. இருந்தாலும், அவர்களை அறிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும், அறியாதவர்கள் அறிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

பேச்சிமுத்து மேஸ்திரி என்றால் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாமல் இருக்காது. வள்ளியூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். என் அக்கா சண்முகக்கனியைக் கட்டிய கையோடு இங்கே கூட்டிவந்து, கரமனையில் ஒரு சந்தில் குடி வைத்தார்கள். பத்தாம் வகுப்பில் தோற்றுப்போன நான் அடுத்த வருடம் ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தேன். அத்தான் அப்போது சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, தட்டு கட்டுகிற வேலை. அதற்கு ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து வைத்திருந்தார்கள். என்னையும் சேர்த்தார்கள். இரண்டாம் மாடிக்கு ஏறும்போது, பாதி வழியில் கம்பைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மேலே போகவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. கீழே நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அத்தான் ஏறிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். "கண்ணத் தொறக்காண்டாம். கால மட்டும் வையி" என்று சொல்லிச் சொல்லி இறக்கினார்கள். தரைக்கு வந்ததும், "மாப்ளே, ஒனக்கு ஆகாசம் ஆகாது. தரையில நின்னு செய்யத வேல பாத்துத் தாரேன்" என்றார்கள். மறுநாளே சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கூட்டிக்கொண்டுபோய் மூட்டை தூக்க விட்டார்கள். அங்கே தொடங்கி, இன்றைக்கு அதே தெருவில் புளி, வத்தல், மல்லி வியாபாரத்தில் என் பெயரில் கடை நிற்கிறது. தன் கையால் முன்னுக்கு வந்தவன் என்று என்னை நாலு பேர் சொல்வதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவன்தான். ஆனால் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டவர்கள் அத்தான்.

குறையையும் சொல்ல வேண்டும். செத்தவர்களைச் சாமியாக்கி வைப்பதில் எனக்கு இஷ்டமில்லை. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். விலை பேசவே தெரியாது. கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டு, "பாவம், அவனும் பொழைக்கணும்லா" என்று எடுத்துவருவார்கள். எத்தனையோ வருடம் இங்கே இருந்தும் மலையாளம் நாக்கில் படியவில்லை. குழாயில் தண்ணீர் வந்ததா என்று அறிய, பக்கத்து வீட்டு ஓமனா சேச்சியிடம், "சேச்சி, வெள்ளம் வந்நாச்சா, இல்ல இன்னும் வரலியா?" என்று கேட்பார்கள். சேச்சி, "மேஸ்திரீ, ஒந்நுகில் தமிழ், அல்லெங்கில் மலையாளம். ரெண்டும் கூட்டிக் குழைக்கண்டா" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

அவர்கள் கூட்டிவந்த ஆட்களில் ஒருவர் விழிஞ்ஞம் பக்கம் வேலை பார்த்தபோது மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அத்தானுக்கு அது முதல் சாவு. அழைத்துவந்தவன் நான், கொண்டு சேர்க்க வேண்டியவனும் நான் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் நிற்பது, போலீஸ் ஸ்டேஷனில் என்ன எழுதி வாங்குவது, எந்த வண்டி களியக்காவிளை எல்லை தாண்டி வரும், எதுவும் தெரியாது. எல்லா இடத்திலும் தன் உடைந்த மலையாளத்தில் கேட்டுக் கேட்டு, பிரேதத்தை அவர் ஊரில் இறக்கிவிட்டு, எரியூட்டும்வரை நின்றுவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு யாருக்கு என்ன ஆனாலும் அழைப்பு மேஸ்திரிக்குத்தான். தன்னுடைய ஆட்களா, அடுத்தவர் ஆட்களா என்ற கணக்கு இல்லை. ஹோட்டலில் பாத்திரம் கழுவியவர், பொன்முடிச் சாலையில் கல் உடைத்தவர், லாட்டரி விற்றவர், எல்லாருக்கும் போனார்கள். நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டே: பிழைப்பு எங்கே என்றாலும், கட்டை ஊரில்தான் வேக வேண்டும். அந்த வழக்கத்துக்கு இந்த நகரத்தில் கை காலாக இருந்தவர்கள் அத்தான்.

இசக்கியம்மாளின் சங்கதியை இங்கே சொல்லியாக வேண்டும். அவள் புருஷன் நம் ஆள், திடீரென்று போய்விட்டான். அவள் இங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தாள். இரண்டு பிள்ளைகளும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அத்தான் வழக்கம்போல வண்டி ஏற்பாடு செய்து, பிரேதத்தோடு அவளையும் பிள்ளைகளையும் ஏற்றி, ஊரில் சேர்த்துவிட்டு வந்தார்கள். கடமை முடிந்தது என்று நினைத்தார்கள்.

சில வருடம் கழித்துக் கோயில் கொடை விழாவுக்கு அந்த ஊர்ப் பக்கம் போனபோது அவளைப் பார்த்திருக்கிறார்கள். நாத்தனார் வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பதினாறு முடியட்டும் என்று புருஷன் வீட்டார் உட்காரவைத்தார்கள், பிறகு வருஷம் திரும்பட்டும் என்றார்கள், அதற்குள் ஹாஸ்டல் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு கீழ்வகுப்பில் உட்காரவைத்தார்கள். மூத்தவள் வெட்கப்பட்டுப் படிப்பையே விட்டுவிட்டாள். இசக்கியம்மாள் அழவில்லையாம். நிதானமாகக் கேட்டாளாம்: "அண்ணாச்சி, அன்னைக்கு வண்டியில ஏறச் சொன்னிய, ஏறுனேன். எறங்கச் சொன்னிய, எறங்குனேன். எங்க போணும்னு என்ட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

ஊரிலிருந்து திரும்பிய அத்தான் நேரே என் கடைக்குத்தான் வந்தார்கள். மூட்டைமேல் உட்கார்ந்து இதைச் சொன்னார்கள். சாயா வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. "பொணத்தோட போன பொம்பள திரும்பி வந்து நான் பாத்ததில்ல மாப்ளே. ஒருத்திகூட இல்ல. நான்தான அத்தன பேரையும் ஏத்துனேன்" என்றார்கள்.

அன்றிலிருந்து அவர்களுடைய வேலைமுறை மாறியது. துட்டி என்று தகவல் வந்தால், வண்டிக்குச் சொல்வதற்கு முன்னால் இறந்தவரின் பெண்டாட்டியிடம் போவார்கள். ஆம்பிளை தனியே கேட்பது முறையல்ல என்று என் அக்காவையும் கூட்டிப்போவார்கள். அறையில் நிற்கிற அண்ணன், தம்பி, சித்தப்பன், பெரியப்பன் எல்லாரையும் வெளியே போகச் சொல்வார்கள். கதவைச் சாத்திவிட்டு ஒரே கேள்வி: "தாயி, எங்க வைக்கணும்? ஊர்லயா, இங்கயா? நீ சொல்லதுதான்."

பெரும்பாலானவர்கள் ஊருக்கே என்றார்கள். அத்தான் அப்படியே செய்தார்கள். சிலர் இங்கேயே என்றார்கள். அப்படிச் சொன்னால், இங்கேயே எரியூட்ட ஏற்பாடு செய்து, ஊருக்குப் போன் போட்டுத் தகவல் சொல்லி, அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஏச்சையெல்லாம் தாங்களே வாங்கிக்கொள்வார்கள். சில பெண்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் அழுவார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அத்தான் கதவுக்கு வெளியே காத்திருப்பார்கள். ஷாஜி வண்டியை அணைத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவான்.

ஒருமுறை, மகனை இங்கேயே எரித்துவிட்டார்கள் என்று ஒரு பெரியவர் ஊரிலிருந்து கிளம்பி வந்து, அக்கா கரமனையில் நடத்திவந்த இட்லிக் கடை வாசலில் நின்று கத்தினார். நல்ல கூட்ட நேரம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"ஏ மேஸ்திரி, எங்கயாவது உண்டாடே இந்த அநியாயம்? பொம்பளட்ட கேட்டாய்யா பொணம் எடுப்பான்?"

"பொணத்துட்டதான் மொதல்ல கேட்டேன். ஒண்ணும் சொல்லல. பெறவுதான் அவகிட்ட கேட்டேன்" என்றார்கள் அத்தான்.

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவருக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. அத்தான் அவரை உட்காரவைத்து, இலை போட்டு, இரண்டு இட்லி வைத்தார்கள். திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டார். கடைசியில் கை கழுவும்போது குலுங்கி அழுதுவிட்டார். அத்தான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். அந்தச் சிரிப்புக்காக அன்று முழுவதும் வருத்தப்பட்டார்கள்.

இதனால் அவர்களுக்கு நஷ்டம் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த மேஸ்திரி கூட்டிக்கொண்டு போனால் செத்தாலும் ஊருக்கு வரமாட்டான் என்று பேச்சுப் பரவி, ஊர்களில் ஆள் அனுப்பத் தயங்கினார்கள். வடக்கேயிருந்து ஆட்கள் வரத்தொடங்கிய காலமும் அதுதான். நான் வியாபாரி, எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "அத்தான், வண்டி ஏற்பாடு பண்ணுங்க, பேப்பர் வாங்கிக் குடுங்க, அது போதும். கேள்வி கேக்கது நமக்கு எதுக்கு? நமக்கு ரெண்டு பக்கமும் வேணும்லா?"

"மாப்ளே, நீ புளி எடுக்கும்போது மூட்டைய அவுத்துப் பாப்பியா, மாட்டியா?"

"பாக்காம எவன் எடுப்பான்?"

"புளிக்கே அம்புட்டுப் பாக்க. இது ஒரு பொம்பளைக்க மிச்ச ஆயுசு."

நாலைந்து வருடத்தில் மேஸ்திரி வேலை ஓய்ந்துபோனது. அக்காவின் இட்லிக் கடைதான் குடும்பத்தைத் தாங்கியது. அதைச் சொல்ல அத்தான் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. "நான் இப்ப சம்முகக்கனிக்கு அசிஸ்டெண்ட்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் அந்தக் கடைக்கு வருகிற கட்டட வேலைக்காரர்கள் அக்காவை அக்கா என்றும், அத்தானை மேஸ்திரி என்றும் கூப்பிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். அவர்கள் உலகம் அந்தச் சந்துக்குள் நிறைந்திருந்தது.

சென்ற ஓணத்துக்கு நான் வீட்டாரோடு அங்கே போயிருந்தேன். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் திடுமென்று, "மாப்ளே, நான் போனா என்னைய ஊருக்குக் கொண்டு போவாத. இங்கேயே எரிச்சிரு" என்றார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?" என்றேன்.

"பின்னே எப்பச் சொல்ல? போன பெறவா? என்னையக் கொண்டு போனா ஒங்க அக்காளையும் கொண்டு போவாவ. ஊர்ல எங்க அண்ணன் நல்ல மனுசன், விடமாட்டான். பிள்ள இல்லாதவ, அங்க போயி யாரு இருக்கான்னு சொல்லி இருத்திருவான். இவ கட எங்க, இவ எங்க?"

அக்கா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: "ஊர்ல உள்ள பொம்பளையளுக்கெல்லாம் போயிக் கேப்பாவ. சொந்தப் பொண்டாட்டிட்ட மட்டும் கேக்காண்டாம், அல்லே?"

அத்தான் வாயில் வெற்றிலையோடு சிரித்துவிட்டார்கள். பேச்சு அதோடு போனது.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். நான் கரமனை போய்ச் சேரும்போது எல்லாம் தயாராக இருந்தது. சங்கத்து ஆட்கள் வந்து, டாக்டரிடம் தாள் வாங்கி, மாலை வாங்கி, குளிப்பாட்டி, கோடி போர்த்தியிருந்தார்கள். ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷாஜியின் வண்டி சந்து முனையில் உறுமிக்கொண்டு நின்றது. இதைப் படிக்கிற உங்களில் பலர் அதில் ஓடி ஓடி உழைத்தீர்கள். அத்தான் நமக்கெல்லாம் செய்ததை அத்தானுக்குக் குறைவில்லாமல் செய்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. அவர்கள் செய்ததில் முதல் காரியத்தை மட்டும் அத்தனை பேரும் மறந்துவிட்டீர்கள்.

நான் நேரே ஷாஜியிடம் போய், "எஞ்சினை நிறுத்து" என்றேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஊருக்கு எடுக்கல. இங்கதான். அவங்களே என்ட்ட சொல்லியிருக்காங்க" என்றேன்.

"அண்ணாச்சி, அங்க பந்தல் போட்டாச்சு."

"பந்தல அவுக்கச் சொல்லு."

"ஒலகத்துக்கே செஞ்ச மனுசன அனாதை மாதிரி இங்க எரிக்கவா?"

"இங்க எரிச்சா அனாதையா? அப்ப இத்தன வருசம் அவங்க இங்க எரிச்சதெல்லாம் யாருல?"

குரல் உயர்ந்துவிட்டது. அப்போது உள்ளேயிருந்து அக்கா, "ஏ தம்பி, இங்க வா" என்றாள். போனேன். அத்தானின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனுவ எடுக்கணும்ங்கான். நீ எடுக்கக்கூடாதுங்க. நீயும் என்ட்ட கேக்கல, பாத்தியா?"

கடையில் எத்தனையோ பேர் என்னை மடக்கியிருக்கிறார்கள். இப்படி யாரும் மடக்கியதில்லை. எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். கீழே உட்கார்ந்தேன். "எங்கக்கா வைக்கணும்? நீ சொல்லதுதான்" என்றேன்.

"ஊருக்குக் கொண்டு போவோம்" என்றாள்.

நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை. "அத்தான் வேண்டாம்னாங்களேக்கா."

"அத்தை உசுரோட இருக்காவ. பெத்தவளுக்கு மூஞ்சியக் காட்டாம எரிச்சுட்டு நான் எப்படி இருப்பேன்? அவிய வேண்டாம்னு சொன்னது அவியளுக்காகவா? எனக்காகப் பயந்து சொன்னாவ, நான் அங்கேயே கெடந்துருவேன்னு. நான் திரும்பி வருவேன். நாளைக்குக் காடாத்து முடிஞ்ச கையோட நீ என்னைய இங்க கொண்டாந்து விடணும். பதினாறு வரைக்கும் அங்க இருந்தா, பெறவு நாப்பது வரட்டும்பாவ, பெறவு தை பொறக்கட்டும்பாவ. எத்தன பேர நான் கண்ணால பாத்துருக்கேன்? சரின்னு சொல்லு."

காடாத்து என்பது எரித்த மறுநாள் காலையில் சாம்பல் அள்ளிப் பால் தெளிக்கிற சடங்கு. அது முடிந்ததும் புருஷன் வீட்டை விட்டு ஒரு பெண் கிளம்பிப் போனதாக எங்கள் பக்கத்தில் கேள்விப்பட்டதில்லை. நான் சட்டென்று வாக்குக் கொடுக்கிறவன் இல்லை. கொடுத்தால் நிற்க வேண்டும் என்பதால் யோசிப்பேன். அன்று யோசிக்கவில்லை. சரி என்றேன். வெளியே வந்து ஷாஜியிடம், "எடுப்பா வண்டிய" என்றேன். கூட்டம் என்னைப் பைத்தியக்காரனைப்போலப் பார்த்தது.

ஊரில் எல்லாம் முறையாக நடந்தது. அத்தானின் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, நடையும் இல்லை. இரண்டு பேர் தாங்கிக்கொண்டுவர, மகனுடைய நெற்றியைத் தடவி, "என்ன இப்படிக் குளுந்துருக்கு" என்று மட்டும் கேட்டார்கள். அந்த ஒரு தடவலுக்காகவே அக்கா சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. உடன்பிறந்தவன் முறைக்கு நான் அக்காவுக்குக் கோடி போட்டேன். அண்ணன் மகன் கொள்ளி வைத்தான்.

மறுநாள் காடாத்து முடிந்து ஆண்கள் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அக்கா கைப்பையோடு முற்றத்தில் நின்றாள். என் கார் வாசலில் நின்றது. அத்தானின் அண்ணன் வேலாயுதம் அண்ணாச்சி பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். அக்காவுக்காக மேற்கு அறையை ஒழித்து, வெள்ளை அடிக்கக்கூட ஆள் சொல்லியிருந்தார்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"வீட்டுக்கு, அத்தான்." புருஷனுடைய அண்ணனையும் அவள் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள்.

"இதும் ஒன் வீடுதான. பதினாறு கழியாம நடை தாண்டலாமா? அங்க ஒனக்கு யாரு இருக்கா?"

"கட இருக்கு. சோறு திங்க வாரவங்க இருக்காவ."

"எங்க தம்பி பொண்டாட்டி இட்லி வித்துத்தான் சாப்புடணும்னு எங்களுக்கு என்ன வந்துட்டு?" அவர் குரல் உடைந்தது. "நாளைக்கு ஊர் என்னயக் கேக்காதா?" பிறகு என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீரு நாலு எடம் பாத்த வியாபாரி. நீராவது சொல்லும்."

"சொல்லிட்டேன் அண்ணாச்சி, கூட்டிட்டு வாரேன்னு. அவகிட்டத்தான் சொன்னேன்" என்றேன்.

பெண்கள் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குப் பேச்சு. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில், சத்தம் போடாமல் சொன்னாள்: "அவிய எத்தனையோ பேரக் கொண்டாந்து அங்கங்க விட்டாவ. ஒருத்தியும் திரும்பி வரலன்னு அவியளுக்குச் சாகுத வரைக்கும் ஒரு தீராத கொற. நானாவது திரும்பிப் போனேன்னு இருக்கட்டும். பதினாறுக்கு வாரேன், நின்னு எல்லாம் செய்யேன். இப்ப வழிய விடுங்க."

உள்ளே கட்டிலில் இருந்த அத்தானின் அம்மா, "யாரு, எங்க போறா?" என்று உரக்கக் கேட்டார்கள். யாரோ காதருகே குனிந்து, "சம்முகக்கனி, கடைக்குப் போறாளாம்" என்று கத்தினார்கள்.

"போறவளக் கஞ்சி குடிச்சிட்டுப் போவச் சொல்லு. வெறும் வயித்தோட விடாதிய."

புரிந்து சொன்னார்களா, புரியாமல் சொன்னார்களா என்று தெரியாது. வேலாயுதம் அண்ணாச்சி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த கஞ்சியை அக்கா நின்றபடியே குடித்தாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு காரில் ஏறினாள்.

கரமனைச் சந்துக்குள் நுழையும்போது பிற்பகல். காரிலிருந்து அக்கா இறங்குவதைக் கண்டு ஓமனா சேச்சி வாசலுக்கு ஓடிவந்தார். "நீ வந்நோ! இனி வரில்லா எந்நல்லே எல்லாரும் பறஞ்ஞது" என்று, இனி வரவேமாட்டாள் என எல்லாரும் சொன்னதைச் சொல்லி, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா அப்போதும் அழவில்லை. பிறகு சேச்சி தன் வீட்டுக்குள் போய் ஒரு பெரிய பாத்திரத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தினநாள் காலையில் ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் அப்படியே கிடந்ததாம். வீணாகப் போக வேண்டாம் என்று தன் கிரைண்டரில் அரைத்து வைத்திருக்கிறார். மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவிய களஞ்சி ஊறப் போட்டது" என்றாள். குளிக்கப் போவதற்கு முன்னால் அத்தான் செய்த கடைசி வேலை. அவள் அழுதது அப்போதுதான். சேச்சியும் நானும் பக்கத்தில் நின்றோம், தடுக்கவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சேச்சி, உப்பு இட்டோ?"

"இல்ல. அது நின்டெ கை அளவல்லே" என்றார் சேச்சி.

அக்கா உள்ளே போய் உப்பை அள்ளிவந்து போட்டு, கையை முழங்கை வரை மாவில் விட்டுக் கலக்கினாள். சாயங்காலம் வேலை விட்டு வந்த கட்டட ஆட்கள் நாலைந்து பேர், தகவல் தெரிந்து, சந்தில் வந்து தயங்கி நின்றார்கள். துட்டி வீடு, தீட்டு என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். "எங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லக்கா" என்றார்கள். அத்தான் ஊறப்போட்ட அரிசியில் அவித்த இட்லியை அவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசி இட்லியை அக்கா சாப்பிட்டாள்.

அத்தான், நீங்கள் பயந்தது நடக்கவில்லை. அக்கா உங்கள் சொல்லைத் தட்டினாள். நீங்கள் நினைத்ததை நடத்திவிட்டாள். அந்தச் சந்தில் விளக்கு எரிகிறது. நிம்மதியாக இருங்கள்.

துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் கிடையாது. சொல்லாமல்தான் எழுந்து போவோம். நானும் அப்படியே எழுந்துகொள்கிறேன், அத்தான்.